ஹகுலினென்: மூன்று தங்கத்துக்கு ஏன் இவ்வளவு பேச்சு?

கேள்வி இதுதான்: பின்லாந்தின் பழைய ஸ்கீ வீரர் வெய்க்கோ ஹகுலினென் வாங்கியது மூன்றே ஒலிம்பிக் தங்கம். இன்றைய கிராஸ்-கன்ட்ரி (ஸ்கீ கட்டிக்கொண்டு பனியில் நெடுந்தூரம் ஓடும் போட்டி) வீரர்களில் சிலர் அதை ஒரே ஒலிம்பிக்கில் வாங்கிவிடுகிறார்கள். அப்படியிருக்க அவரை ஏன் இந்த விளையாட்டின் தலைசிறந்தவர்களோடு சேர்த்துப் பேசுகிறார்கள்? அவருக்கு முன்னால் பின்லாந்தில் சாம்பியன்களே இல்லையா?

இரண்டாவது கேள்விக்கு நேரடிப் பதில்: இருந்தார்கள், அதுவும் நல்ல ஆட்கள். முதல் கேள்விக்குச் சுருக்கமான பதில்: பதக்க எண்ணிக்கையை வைத்து அந்தக் கால வீரரை அளந்தால் கணக்கு தப்பாகத்தான் வரும். ஏன் என்று விரிவாகச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில் அந்தக் காலத்துப் போட்டி எப்படி நடந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும். இன்று ஆண்களுக்கு மட்டும் ஒலிம்பிக்கில் ஆறு கிராஸ்-கன்ட்ரி போட்டிகள் இருக்கின்றன. 1952 இல் இருந்தது மூன்றே மூன்று: 18 கிலோமீட்டர், 50 கிலோமீட்டர், நான்கு பேர் ஆளுக்குப் பத்து கிலோமீட்டர் ஓடும் தொடரோட்டம். 1956 இல் 18 கிலோமீட்டர் 15 ஆனது, புதிதாக 30 கிலோமீட்டர் சேர்ந்தது. ஆக நான்கு. அவ்வளவுதான். ஒரு வீரர் ஒலிம்பிக்குக்குப் போய் எல்லாவற்றிலும் ஜெயித்தாலும் நான்குக்கு மேல் வாங்க வழியே இல்லை.

இரண்டாவது விஷயம், தனிநபர் போட்டிகளில் எல்லோரும் ஒன்றாகக் கிளம்ப மாட்டார்கள். அரை நிமிடமோ ஒரு நிமிடமோ இடைவெளி விட்டு ஒவ்வொருவராக அனுப்புவார்கள். யார் முந்துகிறார், யார் பிந்துகிறார் என்று ஓடுகிறவருக்குக் கண்ணால் தெரியாது. பாதையோரம் நிற்கும் தன் அணி ஆள் கடிகாரத்தைப் பார்த்துக் கத்திச் சொல்வதுதான் தகவல். 50 கிலோமீட்டரைக் கிட்டத்தட்ட தனியாளாக, காட்டுக்குள், மூன்று மணி நேரம் வாக்கில், சில சமயம் அதற்கும் மேல், ஓட வேண்டும். இன்று தொலைக்காட்சியில் பார்க்கிற, கூட்டமாகப் போய்க் கடைசியில் பாய்கிற 50 கிலோமீட்டருக்கும் இதற்கும் பேர் மட்டும்தான் ஒன்று.

மூன்றாவது, கருவி. அடுக்கடுக்காக ஒட்டிய மரப்பலகைதான் ஸ்கீ. அடிப்பக்கம் பைன் மரத்தாரைச் சூடுகாட்டி ஊற வைப்பார்கள், அதற்கு மேல் மெழுகு. இந்த மெழுகில்தான் பாதிப் போட்டி இருக்கிறது. காலை அழுத்தி உந்தும்போது ஸ்கீ பனியைப் பிடித்துக்கொள்ள வேண்டும், அடுத்த நொடி வழுக்கிப் போக வேண்டும். ஒரே மெழுகு இரண்டு வேலையும் செய்ய வேண்டும். பனி உருகும் நிலைக்குப் பக்கத்தில் வெப்பம் இருந்தால் எந்த மெழுகும் ஒழுங்காக நிற்காது. 1928 செயின்ட் மோரிட்ஸ் ஒலிம்பிக்கில் 50 கிலோமீட்டர் அன்று காலையில் உறைநிலையை ஒட்டி இருந்த வெப்பம் நண்பகலில் 25 டிகிரிக்கு ஏறிவிட்டது. ஸ்வீடனின் பெர்-எரிக் ஹெட்லுண்ட் கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் எடுத்து ஜெயித்தார். இரண்டாவதாக வந்தவருக்கும் அவருக்கும் இடைவெளி 13 நிமிடத்துக்கு மேல். ஃபைபர் கிளாஸ் ஸ்கீ பெரிய போட்டிகளை ஆக்கிரமித்தது 1974 ஃபாலுன் உலகச் சாம்பியன்ஷிப்பிலிருந்துதான். அதுவரை எல்லாம் மரம்.

சரி, ஹகுலினெனுக்கு முந்தைய ஆட்கள். 1920களில் இந்த விளையாட்டு என்றால் நார்வே. 1924 ஷமோனி, முதல் குளிர்கால ஒலிம்பிக். 50 கிலோமீட்டரில் முதல் நான்கு இடமும் நார்வேக்கு. 18 கிலோமீட்டரில் பின்லாந்தின் தபானி நிகு மூன்றாவதாக வந்து வெண்கலம் வாங்கினார். நார்வேக்காரர்களின் கோட்டை என்று சொல்லப்படும் ஆஸ்லோவின் ஹோல்மென்கொல்லன் ஸ்கீ போட்டியில் அதற்கு முன்பே ஒரு பின்லாந்துக்காரர் புகுந்திருந்தார். நார்வேயின் தூர்லெய்ஃப் ஹாக் 1918 முதல் 1924 வரை அங்கே 50 கிலோமீட்டரை ஆறு முறை ஜெயித்தார். நடுவில் ஒரே ஒரு ஆண்டு, 1922 இல், அது அவர் கைக்கு வரவில்லை. அந்த ஆண்டு வெற்றியாளர் பின்லாந்தின் ஆன்டன் கொல்லின். 1926 இல் பின்லாந்தின் லாஹ்தி நகரில் நடந்த போட்டியில் மத்தி ரைவியோ 30, 50 இரண்டையும் ஜெயித்தார். அதைப் பிற்பாடு உலகச் சாம்பியன்ஷிப் கணக்கில் சேர்த்தார்கள்.

ஆனால் கிராஸ்-கன்ட்ரியில் பின்லாந்தின் முதல் ஒலிம்பிக் தங்கம் வெலி சாரினெனுடையது. இவரைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் ஹகுலினென் கதையிலும் இவர் வருகிறார். 1902 இல் பிறந்தவர். 1928 செயின்ட் மோரிட்ஸில் 18 கிலோமீட்டரில் நான்காவது, மூன்று நார்வேக்காரர்களுக்குப் பின்னால். அடுத்த ஆண்டே போலந்தின் ஜகோபனேயில் 17 கிலோமீட்டரில் உலகச் சாம்பியன். அப்புறம் 1932, அமெரிக்காவின் லேக் பிளாசிட்.

அந்த ஒலிம்பிக் நடந்ததே பெரிய விஷயம். உலகப் பொருளாதாரமே படுத்துக் கிடந்த நேரம், கப்பலேறி அட்லாண்டிக்கைக் கடந்து வர எத்தனை நாட்டிடம் காசு இருக்கும்? 17 நாடுகள்தான் வந்தன. பின்லாந்து அனுப்பியது விரல் விட்டு எண்ணக்கூடிய சிறு அணி. வந்த இடத்தில் பனியும் சரியாக இல்லை. அந்தக் குளிர்காலம் வழக்கத்துக்கு மாறாகச் சூடாக இருந்ததால் காட்டிலிருந்து பனியை அள்ளிக்கொண்டு வந்து பாதையில் கொட்டினார்கள். 18 கிலோமீட்டரில் இரண்டு ஸ்வீடன்காரர்களுக்கு அடுத்து சாரினென் வெண்கலம் வாங்கினார்.

பிப்ரவரி 13, 50 கிலோமீட்டர். பனி இல்லை என்று புலம்பிய ஊரில் அன்றைக்குப் பார்த்துப் பனிப்புயல். போதாக்குறைக்குப் பாதை எது என்பதிலேயே அணிகளுக்கும் நடத்துபவர்களுக்கும் தகராறு. மணிக்கணக்கில் வாக்குவாதம் நடந்து, அதன் பிறகே ஓட்டம் தொடங்கியது. போட்டிக்கென்று காலையில் சாப்பிட்டு, மெழுகு தீட்டித் தயாரான வீரர்கள் அவ்வளவு நேரமும் குளிரில் காத்திருந்தார்கள். முடிவு: சாரினென் 4 மணி 28 நிமிடம், அவருடைய நாட்டுக்காரரே ஆன வைனோ லிக்கனென் 4 மணி 28 நிமிடம் 20 விநாடி. நாலரை மணி நேரம் புயலில் ஓடி, வித்தியாசம் 20 விநாடி. மூன்றாவதாக வந்த நார்வேக்காரர் ஏறக்குறைய நான்கு நிமிடம் பின்னால். அந்த ஒலிம்பிக்கில் பின்லாந்து வாங்கிய மூன்று பதக்கமும் இந்த ஸ்கீ ஓட்டங்களில் வந்தவை, அதில் இரண்டு சாரினென் கையில்.

அதே ஆண்டு கோடையில் அவர்களின் ஓட்டப்பந்தய நாயகன் பாவோ நுர்மியைப் பணம் வாங்கி ஓடினார் என்று சொல்லி லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் ஓட விடாமல் தடுத்தார்கள். நுர்மி விவகாரம் செய்த சத்தத்தில் சாரினென் தங்கத்துக்கு உரிய பெயர் கிடைக்காமல் போய்விட்டது என்பது என் எண்ணம். 1933 இல் இன்ஸ்ப்ரூக்கில் 50 கிலோமீட்டர் உலகப் பட்டமும் வாங்கினார். ஓட்டத்தை நிறுத்தியபின் தேசிய அணியின் பயிற்சியாளராகவும் பின்லாந்து ஸ்கீ சங்கத்தின் நிர்வாகியாகவும் பல்லாண்டு இருந்தார். போருக்குப் பிந்தைய பின்லாந்து ஸ்கீ அணி பெருமளவுக்கு அவர் கையில் வளர்ந்ததுதான்.

இன்னொரு பெயரும் வேண்டும்: கல்லே யால்கனென். 1936 கார்மிஷ் ஒலிம்பிக்கில்தான் தொடரோட்டம் முதன்முதலாக வந்தது. கடைசிச் சுற்றுக்கு யால்கனென் கிளம்பும்போது நார்வேயின் பியார்னே இவர்சென் ஒரு நிமிடத்துக்கும் மேல் முன்னால் போய்விட்டார். பத்து கிலோமீட்டரில் அதைத் தின்று தீர்த்து, மைதானத்துக்குள் வந்து முந்தி, 6 விநாடியில் தங்கம். அந்த யால்கனென் 1941 இல் போர்முனையில் இறந்துபோனார். பின்லாந்தின் அந்தத் தலைமுறை வீரர்களைப் பற்றிப் படித்தால் பல பெயர்களின் வாழ்க்கை போரில் போய் முடியும், அல்லது போரால் உடையும்.

ஹகுலினென் அந்தப் போரின் அடுத்த கரையில் நிற்கிறவர். 1925 ஜனவரி 4 அன்று குர்கியோகியில் பிறந்தார். லடோகா ஏரியின் மேற்குக் கரையோரம், கரேலியா. 1939 நவம்பர் கடைசியில் சோவியத் படை உள்ளே வந்தது, 1940 மார்ச்சில் சமாதானம் ஆனபோது குர்கியோகி எல்லைக்கு அந்தப் பக்கம். நடுவில் பின்லாந்து திரும்பப் பிடித்தது, 1944 இல் மறுபடியும், இம்முறை ஒரேயடியாக இழந்தது. கரேலியாவிலிருந்து நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடு, நிலம், மாடு கன்று எல்லாம் விட்டுவிட்டுப் பின்லாந்தின் உட்பகுதிக்கு வந்தார்கள். பிறந்த ஊர் இன்னொரு நாட்டில் இருக்க, பின்லாந்துக்காக ஓடிய வீரர் இவர். இன்றைக்கு அந்த ஊர் ரஷ்யாவில் இருக்கிறது.

தொழில் வனத்துறை வேலை. இதை மேலோட்டமாகப் படித்துவிட்டுக் கடந்துபோகக் கூடாது. அன்றைய பின்லாந்தில் மரம் வெட்டும் காலமே குளிர்காலம்தான். நிலம் உறைந்து பனி மூடினால்தான் குதிரை பூட்டிய சறுக்குவண்டியில் கட்டைகளை இழுத்து வர முடியும். காட்டில் வேலை பார்ப்பவருக்கு ஸ்கீ ஒரு விளையாட்டுச் சாமானே இல்லை, வேலைக்குப் போகிற கால். நாளெல்லாம் இடுப்பளவு பனியில் மரத்துக்கு மரம் போவது, அளப்பது, வெட்டுவது, மாலையில் திரும்புவது. அவருடைய பெரிய போட்டியாளரான ஸ்வீடனின் சிக்ஸ்டன் யெர்ன்பெர்க்கும் இதே ரகம், மரம் வெட்டியும் கொல்லுப்பட்டறையிலும் உழைத்தவர். பரிசுப்பணம் வாங்கினால் ஒலிம்பிக் கதவு மூடிவிடும் என்ற விதி இருந்ததால் யாரும் வேலையை விட முடியாது. நுர்மிக்கு நடந்தது எல்லோருக்கும் தெரியுமே.

1952 பிப்ரவரி, ஆஸ்லோ. 27 வயது. 50 கிலோமீட்டர். நார்வே மண், நார்வேக் கூட்டம், நார்வேக்காரர்கள் தங்களுடையது என்று நினைக்கும் தூரம். ஹகுலினென் எடுத்த நேரம் 3 மணி 33 நிமிடம் 33 விநாடி. பின்லாந்தில் பெரியவர்கள் இந்த எண்ணை இன்னும் நினைவு வைத்திருப்பதற்கு அது எளிதாக மனதில் நிற்பதும் ஒரு காரணம். ஆனால் முக்கியமான எண் வேறு. இரண்டாவதாக வந்த ஏரோ கோலெஹ்மைனென், அவரும் பின்லாந்துதான், 3 மணி 38 நிமிடம் 11 விநாடி. அதாவது நாலரை நிமிடத்துக்கு மேல் இடைவெளி. மூன்றாவதாக வந்த நார்வேயின் மாக்னார் எஸ்டென்ஸ்டாடுக்கும் கோலெஹ்மைனெனுக்கும் 17 விநாடிதான். மற்றவர்கள் எல்லாம் ஒருவரோடொருவர் ஒரு போட்டி ஓடியிருக்கிறார்கள், இவர் தனியாக இன்னொன்று ஓடியிருக்கிறார். அந்த ஒலிம்பிக்கில் அவரைத் தொடரோட்டத்தில் சேர்க்கவில்லை. அவர் இல்லாமலே பின்லாந்து அதையும் ஜெயித்தது. அணி எவ்வளவு கனமாக இருந்தது என்று பாருங்கள்.

அதே ஆஸ்லோவில்தான் பெண்களுக்கான கிராஸ்-கன்ட்ரி முதல்முறையாக ஒலிம்பிக்கில் வந்தது. 10 கிலோமீட்டர், ஒரே ஒரு போட்டி. தங்கம் லிடியா வீடெமன், 41 நிமிடம் 40 விநாடி. வெள்ளியும் வெண்கலமும் கூடப் பின்லாந்துக்கே: மிர்யா ஹியெதாமியெஸ், சீரி ரந்தனென். பின்லாந்தின் ஆரம்ப கால சாம்பியன் என்று கேட்டால் ஆண்கள் பெயரை மட்டும் அடுக்குவது வழக்கமாகிவிட்டது, அதனால் இதைச் சொல்லி வைக்கிறேன். வீடெமன் 2019 இல், 98 வயதில் காலமானார்.

1953, 1955 இரண்டு ஆண்டும் ஹோல்மென்கொல்லன் 50 கிலோமீட்டரை ஹகுலினென் ஜெயித்தார். 1955 இல் அவருக்கு ஹோல்மென்கொல்லன் பதக்கமும் கொடுத்தார்கள். நார்வேக்காரர்கள் ஒரு வெளிநாட்டு ஸ்கீ வீரருக்குத் தரும் உச்ச மரியாதை அது.

நடுவில் 1954, ஸ்வீடனின் ஃபாலுன், உலகச் சாம்பியன்ஷிப். சோவியத் யூனியன் முதல்முறையாக அணி அனுப்பியது. யாருக்கும் அவர்களைப் பற்றிப் பெரிதாகத் தெரியாது. வந்த விளாதிமிர் குசின் 30, 50 இரண்டையும் ஜெயித்துவிட்டுப் போனார். இரண்டிலும் வெள்ளி ஹகுலினெனுக்கு. 15 கிலோமீட்டரில் ஹகுலினென் தங்கம், தொடரோட்டத்தில் பின்லாந்து தங்கம். நான்கு போட்டி, நான்கு பதக்கம். என்னைக் கேட்டால் அவருடைய ஓட்ட வாழ்வின் உச்சவாரம் இதுதான், ஒலிம்பிக்கில் எதுவும் அல்ல. ஆஸ்லோவில் அவர் 50 கிலோமீட்டர் ஆள் என்று பெயர் வாங்கினார். ஃபாலுனில் குறுகிய தூரத்திலும் அவரை அடிக்க ஆளில்லை என்று தெரிந்தது. மாரத்தான் ஓடுகிறவர் ஐயாயிரம் மீட்டரிலும் ஜெயிப்பது போன்ற காரியம்.

1956, இத்தாலியின் கோர்தினா. 30 கிலோமீட்டர் ஒலிம்பிக்கில் முதன்முறை. ஹகுலினென் 1 மணி 44 நிமிடம் 6 விநாடி, யெர்ன்பெர்க் 24 விநாடி பின்னால், மூன்றாவது சோவியத்தின் பாவெல் கோல்சின். ஆக ஒலிம்பிக் 30 கிலோமீட்டரின் முதல் சாம்பியன் என்ற பெயர் ஹகுலினெனுக்கு. 15 கிலோமீட்டரில் நான்காவது. 50 கிலோமீட்டரில் யெர்ன்பெர்க் கணக்கைத் தீர்த்துக்கொண்டார், ஹகுலினென் ஒரு நிமிடம் 18 விநாடி பின்னால் வெள்ளி. தொடரோட்டத்தில் சோவியத் அணி ஏறக்குறைய ஒரு நிமிட வித்தியாசத்தில் ஜெயிக்க, பின்லாந்துக்கு வெள்ளி. நார்வே, ஸ்வீடன், பின்லாந்து என்று மூன்று வீட்டுக்குள் சுற்றிக்கொண்டிருந்த விளையாட்டில் நான்காவதாக ஒருவர் வந்து உட்கார்ந்துவிட்டார் என்பது அந்த ஒலிம்பிக்கில் உறுதியானது.

1958 இல் சொந்த நாட்டில், லாஹ்தியில், 15 கிலோமீட்டர் உலகப் பட்டத்தைத் தக்க வைத்தார். 33 வயது. அந்த வயதில் பலர் 50 கிலோமீட்டருக்கு மட்டும் ஒதுங்கிக்கொள்வார்கள். வேகம் முதலில் போகும், தாக்குப்பிடிக்கும் திறன் பிறகுதான் போகும்.

இனி 1960. அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் கடைசியில் வந்து நிற்கிற இடம். கலிபோர்னியாவின் ஸ்குவா வேலி. ஸ்கீ ஓட்டங்கள் நடந்தது அங்கிருந்து சற்றுத் தள்ளி, தாஹோ ஏரிக்குப் பக்கத்தில் மெக்கின்னி கிரீக் என்ற இடத்தில். கடல் மட்டத்துக்கு இரண்டாயிரம் மீட்டர் வாக்கில் உயரம். பின்லாந்தில் அப்படி ஓர் உயரத்தில் பயிற்சி செய்ய இடமே கிடையாது. மேலே போகப் போகக் காற்றில் மூச்சு போதாது, அதுவும் 35 வயதுக்காரருக்கு. 15 கிலோமீட்டரில் நார்வேயின் ஹோகன் புருஸ்வேன் முதலாவது, யெர்ன்பெர்க் மூன்று விநாடி பின்னால், ஹகுலினென் அதற்கும் நாலரை விநாடி பின்னால் வெண்கலம். 30 கிலோமீட்டரில் பதக்கம் இல்லை. வயசாகிவிட்டது என்று யாராவது சொல்லியிருந்தால் அந்த நேரத்தில் மறுக்க முடிந்திருக்காது.

பிப்ரவரி 25, தொடரோட்டம். பின்லாந்து அணி: தோய்மி அலத்தலோ, ஏரோ மான்டிராந்தா, வைனோ ஹுஹ்தலா, கடைசியாக ஹகுலினென். இதில் மான்டிராந்தாவைப் பற்றி ஒரு வரி. அவருக்கு அப்போது 22 வயது, பின்னாளில் 1964 இல் இரண்டு தனிநபர் தங்கம் வாங்கியவர். அவருடைய குடும்பத்தில் ரத்தச் சிவப்பணுக்களை இயல்பைவிட அதிகமாக்கும் ஒரு மரபணு மாற்றம் இருந்ததை 1990களில் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். அது தனிக் கதை, விளையாட்டில் நியாயம் என்றால் என்ன என்று மண்டையைக் குடையும் கதை.

மூன்று சுற்று முடிந்தபோது நார்வே முன்னால். கடைசிச் சுற்றுக்கு நார்வேயிலிருந்து கிளம்பியது யார் என்றால் அதே புருஸ்வேன், இரண்டு நாளுக்கு முன் 15 கிலோமீட்டரை ஜெயித்தவர். ஹகுலினென் கிளம்பும்போது ஏறக்குறைய 20 விநாடி பின்தங்கியிருந்தார். 15 கிலோமீட்டரில் தன்னை ஏழரை விநாடியில் தோற்கடித்தவரிடம், இப்போது பத்தே கிலோமீட்டரில், 20 விநாடியை மீட்க வேண்டும். காகிதத்தில் கணக்குப் போட்டால் வெள்ளிதான்.

தொடரோட்டத்தில் ஒரு வித்தியாசம் உண்டு. எதிராளி கண்ணுக்குத் தெரிவார். தனிநபர் போட்டியில் கடிகாரத்தோடு ஓடிய மனிதருக்கு இங்கே துரத்த ஒரு முதுகு கிடைத்தது. கொஞ்சம் கொஞ்சமாக இடைவெளியைக் குறைத்தார். முடிவை நெருங்கும்போது இருவரும் ஒன்றாக வந்துவிட்டார்கள். கடைசி நூறு மீட்டர் வாக்கில் ஹகுலினென் பாதை மாறிப் பக்கவாட்டில் வந்து முந்தினார். கோட்டைத் தாண்டும்போது இடைவெளி சுமார் ஒரு மீட்டர். பின்லாந்து 2 மணி 18 நிமிடம் 45.6 விநாடி, நார்வே 2 மணி 18 நிமிடம் 46.4 விநாடி. நாற்பது கிலோமீட்டர், எட்டு மனிதர்கள், 0.8 விநாடி. மூன்றாவது வந்த சோவியத் அணி இரண்டரை நிமிடத்துக்கு மேல் பின்னால்.

24 ஆண்டுக்கு முன் கார்மிஷில் யால்கனென் செய்ததை அப்படியே திரும்பச் செய்தது போல இருக்கிறது, எதிரணிகூட அதே நார்வே. ஆனால் இரண்டையும் ஒன்றாக வைக்க மாட்டேன். யால்கனென் மீட்டது அதிக நேரம், சரிதான். ஹகுலினென் மீட்டது அந்த ஒலிம்பிக்கின் குறுந்தூரச் சாம்பியனிடமிருந்து, அதுவும் 35 வயதில், மூச்சு வாங்கும் உயரத்தில். எனக்கு இரண்டாவதுதான் பெரிது.

கதை இதோடு முடிந்திருந்தால் அழகாக இருந்திருக்கும், ஆனால் இரண்டு நாள் கழித்து 50 கிலோமீட்டர் இருந்தது. அதில் தங்கம் அவருடைய அணித்தோழர் கலேவி ஹமலைனெனுக்கு, 2 மணி 59 நிமிடம் 6.3 விநாடி. ஹகுலினென் 2 மணி 59 நிமிடம் 26.7 விநாடி. 50 கிலோமீட்டரில் 20 விநாடி. மூன்றாவதாக வந்த ஸ்வீடனின் ரோல்ஃப் ராம்கார்ட் மூன்று நிமிடத்துக்கு மேல் பின்னால். லேக் பிளாசிட்டில் சாரினெனுக்கும் லிக்கனெனுக்கும் இருந்த அதே 20 விநாடி, இங்கே பின்லாந்தின் இரண்டு பேருக்கு நடுவில். தொடரோட்டத்தில் தன்னை அப்படிப் பிழிந்திருக்காவிட்டால் இந்த 50 கிலோமீட்டரையும் அவர் ஜெயித்திருப்பாரா? யாராலும் நிரூபிக்க முடியாது, எனக்கு ஆமாம் என்றுதான் படுகிறது.

பிறகும் அவர் ஓய்ந்து உட்காரவில்லை. ஓடிக்கொண்டே நடுநடுவே நின்று துப்பாக்கியால் குறிபார்த்துச் சுடும் பயத்லான் பக்கம் போனார். 1963 இல் சீஃபெல்டில் பின்லாந்து அணியோடு உலகச் சாம்பியன்ஷிப் வெள்ளி. 1964 இன்ஸ்ப்ரூக் ஒலிம்பிக்கில் 39 வயதில் 20 கிலோமீட்டர் பயத்லானில் 15 ஆவது இடம். முன்னாள் சாம்பியன் என்று பெயருக்குக் கலந்துகொண்டவர் எடுக்கிற இடம் இல்லை இது. 2003 ஜனவரி 24 அன்று வல்கேயகோஸ்கியில் சாலையில் கார் மோதி இறந்தார், 78 வயது.

இப்போது உங்கள் கணக்குக்கு வருவோம். ஒலிம்பிக்கில் மூன்று தங்கம், மூன்று வெள்ளி, ஒரு வெண்கலம். 1956, 1960 இரண்டிலும் நான்கு போட்டிதான் இருந்தது, நான்கிலும் ஓடினார். அந்த எட்டில் ஆறில் பதக்கம். 1952 இல் அவர் வாங்கிய தங்கம் 50 கிலோமீட்டரில், 1956 இல் 30 இல், 1960 இல் பத்து கிலோமீட்டர் கடைசிச் சுற்றில். மூன்று ஒலிம்பிக், மூன்று வெவ்வேறு வகை ஓட்டம். நான்கு ஆண்டுக்கு ஒரு முறை வரும் நான்கு வாய்ப்பில் இப்படி எடுத்தவரையும், ஒரே ஒலிம்பிக்கில் ஆறு வாய்ப்பு கிடைக்கிற இன்றைய வீரரையும் தங்க எண்ணிக்கையை மட்டும் வைத்து ஒப்பிட்டால் பழைய ஆளுக்கு அநியாயம். வாய்ப்புக்கு எத்தனை என்று பாருங்கள், படம் மாறும்.

யெர்ன்பெர்க்தானே அந்தக் காலத்தின் முதல்வர், ஒன்பது ஒலிம்பிக் பதக்கம் வாங்கியவர் ஆயிற்றே என்று அடுத்துக் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இருவரும் ஒலிம்பிக் தனிநபர் போட்டிகளில் நேருக்கு நேர் வந்தது ஆறு முறை. 1956 இல் 30 கிலோமீட்டரில் ஹகுலினென் முன்னால், 15 இலும் 50 இலும் யெர்ன்பெர்க் முன்னால். 1960 இல் 15, 30 இரண்டிலும் யெர்ன்பெர்க், 50 இல் ஹகுலினென். ஆக நாலுக்கு இரண்டு, யெர்ன்பெர்க் பக்கம். ஹகுலினென் நான்கு வயது மூத்தவர் என்பதையும், அவருடைய மிகச் சிறந்த காலமான 1952–54 இல் யெர்ன்பெர்க் இன்னும் ஒலிம்பிக் மேடைக்கே வரவில்லை என்பதையும் சேர்த்துக்கொண்டால் இடைவெளி குறையும், மறையாது. மொத்தக் கணக்கில் யெர்ன்பெர்க் ஒரு படி மேலே என்றுதான் நான் வைப்பேன். பின்லாந்துக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.